முதல் டிராக் கார்: எஞ்சினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

டிராக் டே (கட்டணம் கட்டி, சொந்தக் காரைப் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கும் நாள்), அமெச்சூர் ரேஸ் பற்றி டெல்டா பக்கத்திலிருந்து வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். கேட்டதில் பாதி குதிரைத் திறனைப் பற்றி. என் பதில்கள் பெரும்பாலும் பிரேக்கைப் பற்றி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கையில் மூன்று லட்சம் இருக்கிறது. பழைய ஸ்விஃப்டா, ஹோண்டா சிட்டி விடெக்கா, போலோவா? எதை வாங்கலாம் அண்ணே? (மன்னார்குடி)

மூன்று லட்சத்தில் காருக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டாதீர்கள் தம்பி. மீதி எங்கே போகும் என்றால், நான்கு டயர், பிரேக் பேட், ஷாக் அப்சார்பர், எல்லா ஆயிலும், ஹெல்மெட், டிராக் கட்டணம், போகவர பெட்ரோல். அதற்கு மேல் முதல் நாளே ஏதாவது உடைந்தால் மாற்றுவதற்கு ஒரு தொகை. முழுப் பணத்தையும் காரிலேயே போட்டவர் ஒரு நாள் ஓட்டிவிட்டு, அடுத்த நாளுக்குச் சம்பா அறுவடை வரை காத்திருக்கிறார்.

என் வாக்கு பெட்ரோல் ஸ்விஃப்டுக்கு. 2005-ல் வந்தபோது இருந்த 1.3 லிட்டர் எஞ்சின், மாருதி எஸ்டீமில் ஓடிய அதே குடும்பம். நம் நாட்டு அமெச்சூர் பந்தயத்தை வருடக்கணக்கில் தாங்கிப் பிடித்தது எஸ்டீம்தான். ஃபார்முலா எல்ஜிபி என்று ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள் ஓடுகின்றனவே, அவற்றிலும் இந்த மாருதி 1.3 எஞ்சின்தான். அதாவது இதை எவ்வளவு அடித்து ஓட்டினால் எது முதலில் போகும் என்பது தமிழ்நாட்டில் நிறைய மெக்கானிக்குகளுக்குக் கை மனப்பாடம். 2010-க்குப் பிறகு வந்த 1.2 எஞ்சின் வண்டி கிடைத்தாலும் தாராளமாக எடுங்கள்.

சிட்டி விடெக் ஓட்ட இனிமையான கார், மறுக்கவில்லை. 1.5 லிட்டரில் 106 குதிரைத் திறன், மேலே ஏற ஏற இழுக்கும். ஆனால் அது 2000 முதல் 2003 வரை வந்த வண்டி. இன்று ஒரு நல்ல சிட்டி கிடைப்பதே அரிது. கிடைத்தால் விற்பவர் அதன் பெருமைக்கும் சேர்த்து விலை சொல்வார். ஒரு லோயர் ஆர்ம் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கை) வளைந்தால் பாகம் தேடி அலைய வேண்டும். ஸ்விஃப்டுக்கு மன்னார்குடியிலேயே அன்று மதியத்துக்குள் கிடைத்துவிடும்.

போலோவின் உடம்பு கெட்டி, ஸ்டீயரிங் நம்பிக்கை தரும். உங்கள் பட்ஜெட்டில் கிடைப்பதோ மூன்று சிலிண்டர் 1.2 சாதாரண பெட்ரோல். நேர் ரோட்டில் தூக்கம் வரும். டர்போ உள்ள டிஎஸ்ஐ வேண்டுமென்றால் பணம் இரட்டிப்பாகும், பாகங்களின் விலையும் அப்படியே.

ஒரு விஷயம் மறக்க வேண்டாம். 2008, 2009 வண்டி என்றால் பதினைந்து வருடம் முடிந்திருக்கும். ஆர்.சி. புதுப்பித்தாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். புதுப்பித்தால் ஐந்து வருடம் செல்லும். புதுப்பிக்காத வண்டியை டிராக் வரை ரோட்டில் ஓட்டிக்கொண்டு போக முடியாது.

எங்கள் ஊரில் நல்ல விலைக்கு ஒரு கார் வருகிறது. சென்னையிலிருந்து வந்த வண்டி. என்ன பார்த்து வாங்க வேண்டும்? (நாகப்பட்டினம்)

இந்தக் கேள்விக்கு நான் நிறையவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் இரண்டு வெள்ளத்திலும் சென்னையில் ஆயிரக்கணக்கான கார்கள் தண்ணீரில் நின்றன. அவற்றில் பல நன்றாகக் கழுவி, வாசனை அடித்து, வெளிமாவட்டங்களில் கைமாறின. உங்கள் பக்கத்தில் இன்னொரு தொல்லை உப்புக் காற்று. அது போதாதென்று 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது மரம் விழுந்து கூரை நசுங்கிய வண்டிகளும் டிங்கர் வேலை பார்த்து ஓடிக்கொண்டிருக்கின்றன.

முதலில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். பாதி இழுத்துவிட்டு விடாதீர்கள், சுருள் முழுக்க வெளியே வரவேண்டும். கடைசி ஒரு முழத்தில் மண் நிறத்தில் கோடு தெரிந்தால் அந்த உயரம் வரை தண்ணீர் நின்றிருக்கிறது. கார் கழுவுகிறவர்கள் எல்லாவற்றையும் கழுவுவார்கள், இதை மட்டும் இழுத்துப் பார்க்க மாட்டார்கள். அடுத்து முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். காருக்குள் இருக்கிற போல்ட் துருப்பிடிக்க மழை காரணமாக இருக்க முடியாது. தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சை விரலால் அழுத்துங்கள். ஈரம் இல்லாவிட்டாலும் வண்டல் மொறுமொறுவென்று கையில் தட்டும்.

துருவுக்கு வருவோம். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியைப் பாருங்கள். பானட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பரின் தலை வந்து உட்காரும் இடம் இருக்கும். அதைச் சுற்றி வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் உப்பியிருக்கிறதா, புதிதாக ஸீலன்ட் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஜாக்கி வைக்கும் இடங்களில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே அரித்திருக்கிறது. ஊருக்குள் ஓட்ட இப்படிப்பட்ட கார் இன்னும் பல வருடம் தாங்கலாம். டிராக்கில் ஒவ்வொரு வளைவிலும் காரின் பாரம் முழுக்க அந்த ஓரத்துத் தகட்டில்தான் வந்து இறங்கும். எஞ்சின் புகைந்தால் பேரம் பேசலாம். உடம்பு அரித்திருந்தால் பேரமே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர், ஈசியு ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது) மூன்றும் சேர்த்து ஒரு கடையில் விலை சொல்லியிருக்கிறார்கள். முதல் டிராக் டேக்கு முன் போட்டுவிடலாமா? (கும்பகோணம், கல்லூரி மாணவர்)

வேண்டாம். சத்தம் கூடும், லேப் நேரம் (டிராக்கை ஒரு சுற்று சுற்ற ஆகும் நேரம்) குறையாது. அதே பணத்தை பிரேக்கில் போடுங்கள்.

ஊரில் நாம் பிரேக்கை மிதிப்பது அறுபதிலிருந்து இருபதுக்கு, எப்போதாவது. டிராக்கில் நூற்றிருபதிலிருந்து அறுபதுக்கு, ஒரு நிமிடத்துக்குள் பலமுறை. அந்த வேகம் முழுவதும் வெப்பமாக டிஸ்க்கில் இறங்குகிறது. அங்கிருந்து பேட், அங்கிருந்து காலிப்பர் (பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் பிடி), கடைசியில் பிரேக் ஆயில். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் உடையது. நம் ஊர் ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 3 ஆயிலுக்குக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 ஆகிவிடுகிறது. டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி. மிதித்தால் பெடல் மெத்தென்று தரைக்குப் போகும், கார் நிற்காது.

அதனால் டிராக்குக்குப் போவதற்கு முந்தைய வாரம் பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டு, சீல் உடைக்காத டாட் 4 அல்லது 5.1 டப்பா வாங்கி ஊற்றி, நான்கு சக்கரத்திலும் பிளீட் செய்யுங்கள் (குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுவது). டாட் 5 என்று மொட்டையாக எழுதியிருப்பது சிலிக்கான் வகை, நம் கார்களுக்கு ஆகாது. கடைக்காரர் ஐந்தும் ஐந்து புள்ளி ஒன்றும் ஒன்றுதான் என்பார், நம்பாதீர்கள். முன்பக்கம் நல்ல பேட் புதிதாகப் போடுங்கள்.

அடுத்து டயர். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2219 என்றால் 2019-ன் 22-வது வாரம் செய்தது. ஐந்து வருடத்துக்கு மேல் ஆனது, பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வேண்டாம். முதல் வருடம் சாதாரண நல்ல ரோடு டயரே போதும். அது வழுக்கும் முன் கத்தி எச்சரிக்கும், கற்றுக்கொள்ள அந்தச் சத்தம் வேண்டும். ஓட்டும் முன் டயரின் தோளில் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். இறங்கி வந்து பார்த்தால் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று தெரியும். பக்கச் சுவர் வரை அழிந்திருந்தால் காற்று குறைவு. தோளுக்கு வரவே இல்லையென்றால் காற்று அதிகம். சூட்டில் காற்றழுத்தம் ஐந்தாறு பிஎஸ்ஐ ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வீட்டில் டீசல் ஸ்விஃப்ட் இருக்கிறது. அதையே ஓட்டினால் என்ன? (திருவாரூர்)

ஓட்டலாம், முதல் ஒன்றிரண்டு முறைக்குத் தாராளமாக. டீசல் எஞ்சின் கனம் என்பதால் மூக்கு பாரம் கூடுதல், வளைவில் கார் வெளியே தள்ளிக்கொண்டு போகும், முன் டயரின் வெளி ஓரம் சீக்கிரம் தேயும். ஆனால் அப்பா அதில்தான் மண்டிக்குப் போகிறார், வீட்டில் எல்லோரும் அதில்தான் கல்யாணத்துக்குப் போகிறார்கள் என்றால் யோசியுங்கள். டிராக்கில் விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு திரும்ப மனம் வராத காரை டிராக்குக்குக் கொண்டுபோகக் கூடாது.

தஞ்சாவூர் பைபாஸில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஆளே இல்லை. அங்கே பழகிக்கொள்ளலாமா? (தஞ்சாவூர்)

கூடாது. அறுவடை நாளில் அதே ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயும், சுற்றிலும் கல் அடுக்கியிருக்கும், பக்கத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒருவர் காவல் படுத்திருப்பார். விளக்கில்லாத டிராக்டர் எதிர்த்திசையில் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில் பொது ரோட்டில் பந்தயம், வேகச் சோதனை இரண்டும் குற்றம். முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

என் மகனுக்குப் பத்தொன்பது வயது. கார் ரேஸ் கார் ரேஸ் என்று ஒரே பிடிவாதம். பாதுகாப்பானதா? இன்சூரன்ஸ் உண்டா? (மயிலாடுதுறை, ஒரு தாய்)

அம்மா, இன்சூரன்ஸிலிருந்து ஆரம்பிக்கிறேன். காருக்கு நீங்கள் கட்டும் வழக்கமான பாலிசியில் ஒழுங்கு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்குப் பொருந்தாது என்று எழுதியே இருக்கும். டிராக்கில் கார் சுவரில் மோதினால் ஒரு ரூபாய் வராது என்று வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, எதிரில் வண்டி வராத, மாடு குறுக்கே வராத, கொடி காட்ட ஆளும் ஆம்புலன்ஸும் நிற்கிற இடம் அது. நம் ஊர் ரோட்டில் இரவில் பைக் ஓட்டுவதைவிட எனக்கு அது பயம் குறைவு. ஆனால் ஆபத்தே இல்லை என்று சொன்னால் பொய்.

உடனே கார் வாங்கித் தராதீர்கள். முதலில் கோ-கார்ட் ஓட்டட்டும். வாடகைக் கார்ட்டில் சில நாள் ஓட்டினாலே ஆசை நிற்குமா தொடருமா என்று தெரிந்துவிடும், செலவும் காரில் ஆவதில் ஒரு பங்குதான். நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக் என்று ஃபார்முலா ஒன் வரை போன இரண்டு இந்தியரும் தமிழ்நாட்டுக்காரர்கள்தான் என்று மகன் வாதாடுவான். வாதாடட்டும். ஹெல்மெட்டை மட்டும் நீங்களே நல்லதாக வாங்கிக் கொடுங்கள். கார் பந்தயத்துக்கென்று ஸ்நெல் எஸ்ஏ என்ற தர முத்திரையோடு வருவதில் உள்துணி தீப்பிடிக்காது, ரோல் கேஜ் (கார் உருண்டாலும் கூரை நசுங்காமல் காக்கும் குழாய்க் கூண்டு) கம்பியில் இடிப்பதற்கும் சோதித்திருப்பார்கள். பைக் ஹெல்மெட்டில் இந்த இரண்டும் கிடையாது.

எந்த டிராக் முதலில்? அதே காரை ஓட்டிக்கொண்டு போய், அதிலேயே திரும்பி வர முடியுமா? (லால்குடி)

கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான், நேர்ப்பாதை சிறியது, அதனால் சின்னக் காருக்கு ஏற்றது. மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்று மலிவான பந்தயக் கார்களைக் கட்டிய கரிவரதன் பெயரில் இருக்கிற டிராக் அது. திருச்சி, கரூர், காங்கேயம், பல்லடம் வழியாகப் போய்விடலாம். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர், வேகமானது. அதைக் கொஞ்சம் கை பழகியபின் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் எல்லா நாளும் உள்ளே விடமாட்டார்கள், டிராக் டே எப்போது என்று கேட்டுப் பதிந்துகொண்டு போகவேண்டும்.

திரும்பி வர முடியும், வரவேண்டும் என்று நினைத்து ஓட்டினால். ஸ்டெப்னி, ஜாக்கி, மிதியடி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு டிராக்கில் இறங்குங்கள். பாட்டில் ஒன்று உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனால் கதை முடிந்தது. எஞ்சின் ஆயில் மேல் கோடு வரை இருக்கட்டும். நான்கைந்து லேப் வேகமாக, ஒரு லேப் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக, பிறகு உள்ளே. நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், சூட்டில் பின் பிரேக் பிடித்துக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். ஆறியபின் வீல் நட்டை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். கிளம்பும் முன் பேட் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். ஒரு செட் புது பேட் டிக்கியில் இருந்தால் கரூரில் கடை தேடி நிற்க வேண்டாம்.

டிராக் டே போதும், ரேஸில் இறங்கலாம் என்று இருக்கிறேன். என் காரையே ரேஸ் காராக மாற்றலாமா? (பட்டுக்கோட்டை)

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரோல் கேஜ், பக்கெட் சீட், ஹார்னெஸ் (பந்தயத்துக்கான சீட் பெல்ட்), தீயணைப்பான், சஸ்பென்ஷன், கூலி. கூட்டினால் வேறொருவர் கட்டி, ஓட்டி, சலித்து விற்கிற தயார் ரேஸ் கார் மலிவாக முடியும். அதைத் தேடுங்கள். வாங்கும் முன் அந்த வகுப்பு இந்த வருடமும் நடக்கிறதா, விதிப்புத்தகத்தில் அந்த மாடல் இருக்கிறதா என்று எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் அமைப்பு) விதிகளைப் பாருங்கள். போட்டி உரிமமும் அவர்களிடமிருந்துதான், மருத்துவச் சான்று கேட்பார்கள்.

ரோட்டில் ஓடும் காரில் கேஜ் மட்டும் போட்டுவிட்டு ஊருக்குள் சுற்றலாம் என்ற எண்ணம் இருந்தால் விடுங்கள். ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருப்பது சின்ன மோதலிலும் மண்டையைப் பிளக்கும். ஆர்.சி.யில் உள்ளபடி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு 52-வது பிரிவும் இடம் தராது.

எடை குறைக்க ஏசியைக் கழற்றிவிடலாமா? (பாபநாசம்)

டிராக்கில் அணைத்து வையுங்கள், கழற்றாதீர்கள். சித்திரை வெயிலில் கரூர் தாண்டித் திரும்பி வரும்போது எனக்கு நன்றி சொல்வீர்கள். எடை குறைக்க வேண்டுமென்றால் பின் சீட்டைக் கழற்றுங்கள், சில போல்ட்தான். டிக்கியில் இருக்கும் சப்வூஃபரையும்.