சைக்ளோன் டெய்லரின் அரசாங்க வேலை

அன்புள்ள ஐயா,

பழைய ஐஸ் ஹாக்கி வீரர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், ஃபிரெட் 'சைக்ளோன்' டெய்லர் 1909-10 சீசனில் 12 ஆட்டங்களுக்கு 5,250 டாலர் வாங்கினார் என்று இருந்தது. அவ்வளவு சம்பாதித்தவர் ஏன் கனடா அரசின் குடிவரவுத் துறை வேலையை விடாமல் பிடித்துக்கொண்டார்? ஆட்டத்தில் முழு மனது இல்லையோ?

— ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

மனது இல்லாமல் அந்த ஆட்டத்தை ஆடியிருக்க முடியாது. அன்று ஒரு அணிக்கு ஏழு பேர். பெரும்பாலும் அதே ஏழு பேர்தான் 60 நிமிடமும் களத்தில் இருப்பார்கள். ஏழாவது ஆளான ரோவருக்கு நிலையான இடமே கிடையாது. பின்னால் வந்து தடுக்க வேண்டும், முன்னால் ஓடி கோலும் போட வேண்டும். பின்னாளில் கனடாவின் மேற்குக் கரை நகரான வான்கூவரின் அணியில் டெய்லர் அந்த ரோவர்.

நம்ப முடியாமல் இருந்தது சம்பளம் கொடுத்தவர்களைத்தான். அவர் முதலில் காசுக்கு ஆடியது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹாட்டன் என்ற தாமிரச் சுரங்க ஊரில். அந்த ஊர் அணி ஆடிய லீக் 1904-ல் தொடங்கி 1907-ல் மூடப்பட்டது. நீங்கள் சொல்லும் 5,250 டாலர், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ரென்ஃப்ரூ என்ற சின்ன ஊரின் அணி கொடுத்தது. பின்னால் இருந்தது ஒரு சுரங்க முதலாளியின் பணம். இவ்வளவு கொட்டியும் ஐஸ் ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பை கிடைக்கவில்லை. 1911-ல் அணியே கலைந்துவிட்டது. ஹாட்டனுக்கும் ரென்ஃப்ரூவுக்கும் இடையில் ஆட்டவா அணிக்கு வந்தபோது கிடைத்ததுதான் குடிவரவுத் துறை வேலை. யாராக இருந்தாலும் அதை விட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த வேலைக்கு இன்னொரு முகமும் உண்டு. நம் ஊர் வாசகர்கள் அதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1914 மே 23-ல் கோமகாட்டா மாரு கப்பல் வான்கூவர் துறைமுகத்துக்கு வந்தது. அதில் 376 பேர், பெரும்பாலும் பஞ்சாபியர். சொந்த நாட்டிலிருந்து இடைநில்லாமல் வந்தால்தான் அனுமதி என்ற சட்டத்தைக் காட்டி, ஒரு சிலரைத் தவிர யாரையும் இறங்க விடவில்லை. கப்பலில் ஏறிய குடிவரவு அதிகாரிகளில் டெய்லரும் ஒருவர். இரண்டு மாதம் நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தா அருகே பஜ்பஜில் இறங்கியவர்கள் மீது போலீஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள்.

டெய்லர் அந்தச் சட்டத்தை எழுதியவர் இல்லை, சரி. ஆனாலும் அதை நடைமுறைப்படுத்திய கைகளில் அவருடையதும் உண்டு. அடுத்த மார்ச்சில், அதே கடற்கரையை ஒட்டிய டென்மன் அரங்கில், வான்கூவர் மூன்று ஆட்டத்திலும் ஆட்டவாவைத் தோற்கடித்து ஸ்டான்லி கோப்பையை வென்றது. 6-2, 8-3, 12-3. அந்த வெற்றியின் நாயகன் டெய்லர். அவருடைய ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது எனக்கு உற்சாகம் குறைவதில்லை. கப்பலைச் சொல்லாமல் விடவும் மனம் வருவதில்லை.

குடிவரவுப் பணிக்காக 1946-ல் அவருக்கு பிரிட்டிஷ் அரசு விருது கிடைத்தது. ஹாக்கி புகழரங்கில் அவர் பெயர் சேர்ந்தது 1947-ல். கோமகாட்டா மாருவுக்காக கனடா பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்க 2016 ஆயிற்று. டெய்லர் 1979-லேயே காலமாகிவிட்டார்.