கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு புழு

வணக்கம் ஐயா,

லீவு விட்டதிலிருந்து என் எட்டு வயது மகனுக்கு மாடித் தோட்டத்தில்தான் பொழுது போகிறது. போன வாரம் கறிவேப்பிலைச் செடியிலிருந்து இரண்டு புழுக்களை எடுத்து, பாட்டிலில் போட்டு மூடி வைத்தான். கடையில் வாங்கிய கறிவேப்பிலையைத் தின்னக் கொடுத்தோம். மூன்றாம் நாள் இரண்டும் செத்துக் கிடந்தன. ராத்திரி வெகுநேரம் அழுதான். "பாவம்டா, இனி தொடாதே" என்கிறார் என் மாமியார். கோடை முகாம் எதிலாவது சேர்த்துவிடலாமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

செத்த புழுவுக்காக அழுகிற பிள்ளையைப் புழுக்களிடமிருந்து பிரித்துவிடாதீர்கள். முகாமுக்கு அடுத்த வருஷம்கூட அனுப்பலாம். முதலில் அதே தொட்டிக்கு அவனைத் திரும்பக் கூட்டிப்போங்கள்.

கடைக் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து தங்கியிருக்கலாம். மூடிய பாட்டிலோ உள்ளே வியர்த்துப் புழுங்கும். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அவனிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இந்த முறை அகலமான டப்பா எடுத்து, வாய்க்குப் பழைய பருத்தித் துணி கட்டுங்கள். உங்கள் செடியிலிருந்தே ஒரு கொத்தை ஒடித்து, தண்ணீர் ஊற்றிய மருந்துக் குப்பியில் செருகுங்கள். குப்பியின் வாயைப் பஞ்சால் அடைக்க மறக்காதீர்கள், புழு உள்ளே விழுந்து செத்துப்போகும். எச்சத்தைத் தினமும் அவனே தட்டிச் சுத்தம் செய்யட்டும்.

அது பெரும்பாலும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். சின்னதாக இருக்கும்போது பார்த்தால் காக்கை எச்சம் என்றே நினைப்பீர்கள். எச்சத்தை எந்தப் பறவை கொத்தும்? வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். அப்போது ஒரு ஈர்க்குச்சியால் தலைக்குப் பின்னால் லேசாகத் தொடச் சொல்லுங்கள். செம்மஞ்சள் நிறத்தில் கவைபோல ஒரு கொம்பு வெளியே வரும், கூடவே ஒரு வாடையும். ஒரு தடவை போதும், பாவம், அது பயந்துதான் அப்படிச் செய்கிறது. முகாமில் ஒரே நாளில் பத்து உயிர்களைக் காட்டுவார்கள். ஆனால் ஒரே புழுவோடு ஏறக்குறைய ஒரு மாதம் இருப்பது வீட்டில்தான் நடக்கும்.

மாமியாரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். சின்ன வயதில் திண்ணையோரப் புழுதியில் குழியானை பிடித்திருக்கிறாரா என்று பேரன் கேட்கட்டும். உள்ளங்கையில் விட்டால் பின்பக்கமாகவே நகருமே, அதை அவரைவிட நன்றாக யார் சொல்லித்தரப் போகிறார்கள்! எறும்புக்குக் குழி பறித்துக் காத்திருக்கும் அதுவும் ஒருநாள் தும்பி மாதிரி இறகு முளைத்துப் பறந்துவிடும் என்பதை அவன் பாட்டிக்குச் சொல்லட்டும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சில சமயம் கூட்டுப்புழுவிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகப் பொடிப்பொடிக் குளவிகள் வரும். குளவி முன்பே அதற்குள் முட்டையிட்டிருக்கும். அவன் மறுபடி அழலாம். அந்தக் குளவிகளையும் பார்க்கட்டும்.

நல்லபடியாக நடந்தால், கடைசி நாளில் கூடு கருத்து இறகின் புள்ளிகள் வெளியே தெரியும். மறுநாள் காலையில் அவனைச் சீக்கிரமே எழுப்பிவிடுங்கள். ஈர இறகு விரிந்து காயும்வரை யாரும் தொட வேண்டாம். பிறகு துணியை அவிழ்த்து, டப்பாவை அந்தக் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்திலேயே அவன் வைக்கட்டும்.