இ.இ.ஜி.யில் 7 ஹெர்ட்ஸ் என்றால் டிமென்ஷியாவா?
பார்க்கின்சன் (நடுக்கம் தரும் மூளை நோய்) உள்ள உங்கள் அப்பாவின் இ.இ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) அறிக்கையில் 7 ஹெர்ட்ஸ் என்று இருப்பதால், இது டிமென்ஷியாவா (நினைவும் சிந்தனையும் குறையும் நிலை) என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அந்த ஒரு வரியை வைத்து அவருக்கு டிமென்ஷியா என்று சொல்லிவிட முடியாது. கண்ணை மூடி விழித்திருக்கும்போது பின்தலையில் பதிவாகும் ஆல்ஃபா அலை பெரியவர்களுக்கு வழக்கமாக 8 முதல் 13 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அலை) இருக்கும், அவருக்கு 7 வந்ததால் "மெதுவாக உள்ளது" என்று எழுதியிருக்கிறார்கள். பார்க்கின்சனில் இந்த மந்தத்துக்கும் பின்னால் வரும் நினைவுக் குறைவுக்கும் தொடர்பு உண்டுதான், ஆனால் அது பலரைச் சேர்த்து ஆராய்ந்தால் தெரிகிற போக்கு, ஒரு ஆளுக்கான தீர்ப்பு அல்ல.

எனக்கு முதல் சந்தேகம் நீங்கள் எழுதிய மருந்துப் பட்டியலில் இருக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மேல். நடுக்கத்துக்குக் கொடுப்பது, மூளையில் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தடுக்கும், வயதானவர்களுக்கு மறதியும் குழப்பமும் தரும். 74 வயதில் இது இன்னும் தேவையா என்று நரம்பியல் மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்.

அப்புறம் இவற்றைப் பாருங்கள்:

1. பதிவின்போது தூங்கி வழிந்தாரா? தூக்கக் கலக்கத்திலும் அலை மெதுவாகும்.
2. சோடியம், பி12, தைராய்டு, சிறுநீர்த் தொற்று. எல்லாம் சாதாரணப் பரிசோதனைதான்.
3. மோக்கா தேர்வு (நினைவையும் சிந்தனையையும் சோதிப்பது), 30 மதிப்பெண்ணுக்கு. பார்க்கின்சனுக்கான லெவோடோபா மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில், தமிழிலேயே வைக்கச் சொல்லுங்கள். இ.இ.ஜி.யை விட இதுவும், பணக் கணக்கு, மாத்திரை எடுப்பது போன்ற அன்றாட வேலைகளில் அவர் தடுமாறுகிறாரா என்பதும்தான் முக்கியம்.

ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே கூட்டிப் போங்கள்.