வாகனம் கேள்வி – பதில்: இரண்டு துண்டு ஷாஃப்டுக்குப் பதிலாக ஒரே துண்டு

கேள்வி: என்னிடம் 2017ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஜிடி இருக்கிறது. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் அனுமதி கிடைக்கும் நாட்களில் ஓட்டுவேன். மற்ற நாட்களில் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் இடையே ஓடும். இதன் இரண்டு துண்டு டிரைவ் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, வெளிச்சந்தையில் விற்கும் ஒரே துண்டு அலுமினிய ஷாஃப்டைப் போட்டால் பத்துப் பதினைந்து குதிரைத்திறன் கூடும் என்று சொல்கிறார்கள். போடலாமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: இன்ஜினின் திறன் ஒரு குதிரைத்திறன்கூடக் கூடாது. டிரைவ் ஷாஃப்ட் என்பது கியர் பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களை நோக்கித் திறனை எடுத்துச் செல்லும் சுழல் குழாய்; அது திறனை எடுத்துச் செல்கிறதே தவிர உண்டாக்குவதில்லை. உருளையைச் சுழற்றி முடுக்கத்தை அளக்கும் டைனோவில் ஏற்றினால், சுழலும் எடை குறைந்த அளவுக்குச் சக்கரத்தில் எண் சற்று உயர்ந்து தெரியலாம். விளம்பரங்களில் வரும் கணக்கு அங்கிருந்து பிறப்பது. சாலையில் கிடைக்கும் பலனைப் பார்ப்போம். ஷாஃப்டில் 10 கிலோ குறைகிறது என்று வைத்துக்கொண்டாலும், அந்த எடை அச்சிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் தூரத்திலேயே சுற்றுவதால், சுழற்சியால் வரும் கூடுதல் பலனையும் சேர்த்து, காரின் மொத்த எடையில் சுமார் 12 கிலோ குறைத்ததற்கு மேல் அது வராது. 1,700 கிலோவைத் தாண்டிய காரில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

தயாரிப்பாளர் ஷாஃப்டை இரண்டாகப் பிரித்து நடுவில் அதைத் தாங்க சென்டர் பேரிங் வைத்ததற்குக் காரணம் உண்டு. நீண்ட குழாய் எதுவும் வேகமாகச் சுழலும்போது, ஒரு குறிப்பிட்ட வேகத்தில், சுழற்றும் கயிறு நடுவில் விரிவதுபோல வளைந்து விரியத் தொடங்கும். இதை மாறுநிலை வேகம் என்போம். குழாயின் விட்டம் கூடினால் இந்த வேகம் அதே விகிதத்தில் உயரும். நீளம் கூடினால் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். நீளத்தைப் பாதியாக்கினால் மாறுநிலை வேகம் நான்கு மடங்காகும் என்பதனாலேயே இரண்டு துண்டு ஷாஃப்ட் எந்த வேகத்திலும் அமைதியாக ஓடுகிறது. அதை ஒரே துண்டாக்கும்போது அந்த நான்கு மடங்கு இடைவெளியை விட்டுக்கொடுக்கிறீர்கள்.

கணக்கு இப்படி வரும். ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள, கோணம் மாறி வளையும் இணைப்புகளான ஜாயின்டுகளுக்கு இடையே 1,500 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். உங்கள் காரில் உள்ள நீளத்தை அளந்து போட்டுக்கொள்ளுங்கள். 90 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட ஸ்டீல் குழாய்க்கு மாறுநிலை வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6,600 சுற்று. அதில் முக்கால் பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் வரம்பு. ஆக 4,950 சுற்றுதான் பாதுகாப்பான எல்லை. டிஃபரன்ஷியல் விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) 3.55, பின் டயர் 255/40 ஆர்19 என்றால், மணிக்கு 100 கிலோமீட்டரில் ஷாஃப்ட் 2,740 சுற்றும், 200 கிலோமீட்டரில் சுமார் 5,490 சுற்றும் சுழலும். அந்த ஸ்டீல் குழாயின் எல்லை 180 கிலோமீட்டரிலேயே முடிந்துவிடுகிறது. 102 மில்லிமீட்டர் அலுமினியக் குழாயாக இருந்தால் எல்லை 200 வரை வரும். அலுமினியம் என்பதால் இந்த உயர்வு கிடைத்ததாக எண்ண வேண்டாம்; எடைக்கேற்ற விறைப்பில் ஸ்டீலும் அலுமினியமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இலேசாக இருப்பதால் பெரிய விட்டத்தில் செய்ய முடிகிறது என்பதே அலுமினியத்தின் இலாபம். பெரிய விட்டத்துக்கு, காரின் அடியில் ஷாஃப்ட் ஓடும் குகை போன்ற பள்ளத்தில் இடம் இருக்கிறதா, எக்ஸாஸ்ட் குழாயிலோ ஹேண்ட் பிரேக் கேபிளிலோ உரசுமா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

ஆகவே விற்பவரிடம் நீளம், விட்டம், தடிப்பு, மாறுநிலை வேகம் ஆகிய நான்கையும் எழுத்தில் கேளுங்கள். சொல்ல மறுப்பவரிடம் வாங்காதீர்கள். அசையா நிலையிலிருந்து முழு ஆக்சிலரேட்டரில் கிளம்பும் நேர்கோட்டுப் பந்தயத்துக்கும், சூப்பர்சார்ஜர் வைத்து டார்க்கை (முறுக்குவிசையை) வெகுவாக உயர்த்திய காருக்கும் ஒரே துண்டு ஷாஃப்டில் நியாயமான பயன் உண்டு: நடு ஜாயின்டின் ஆட்டமும் சென்டர் பேரிங் ரப்பரின் நெகிழ்வும் போய்விடும், முறியக்கூடிய இடம் ஒன்று குறையும். கரி தடம் வேறு வகை. ஒரு சுற்றே இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். வளைவுகள் நெருங்கி வருவதால் இவ்வளவு கனமான கார் அங்கே முதலில் இழப்பது பிரேக்கை. அந்தப் பணத்தில் நல்ல பிரேக் பேடும், அதிக வெப்பம் தாங்கும் பிரேக் ஆயிலும், டயரும் வாங்குவதையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். கிளம்பும்போது 'டக்' என்ற ஒலியோ அதிர்வோ இருந்தால், சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைப் புதிதாக மாற்றினாலே பல கார்களில் குறை தீர்ந்துவிடும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு. 2019 திருத்தத்தில் வந்த 182அ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பொருத்துவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலம் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ரிக் வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் ஜாயின்ட் ஷாஃப்டை வெட்டி, நீளம் மாற்றி, வெல்டிங் செய்து தருகிறார்கள். நண்பருடைய காருக்கு ஒரே துண்டு ஷாஃப்டை அங்கேயே செய்துகொள்ளலாமா?
— வாசகர், திருச்செங்கோடு

பதில்: திருச்செங்கோடு, சங்ககிரி, நாமக்கல் பட்டறைக்காரர்களின் கைத்திறனில் எனக்கு முழு மதிப்பு உண்டு. ஆனால் அவர்கள் பழகிய வேகம் வேறு. நெடுஞ்சாலையில் ஓடும் லாரியின் ஷாஃப்ட் பெரும்பாலும் நிமிடத்துக்கு 2,500 சுற்றை ஒட்டியே சுழல்கிறது. எடைச் சமநிலை தவறியதால் எழும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், லாரியில் தெரியாமலே போகும் ஒரு சிறு பிசகு, 5,500 சுற்றில் சுழலும் கார் ஷாஃப்டில் ஏறத்தாழ ஐந்து மடங்கு விசையாகிவிடும்.

ஷாஃப்டுகளுக்கு சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ வகுத்த பேலன்சிங் (எடைச் சமநிலை) தரம் ஜி16 எனப்படும். 9 கிலோ ஷாஃப்டை 6,000 சுற்றுக்கு அந்தத் தரத்தில் செய்ய வேண்டுமானால், 50 மில்லிமீட்டர் ஆரத்தில், ஒவ்வொரு முனையிலும் மிஞ்சக்கூடிய பிசகு சுமார் 2.3 கிராம் மட்டுமே. இதைக் கண்ணாலோ கையாலோ பிடிக்க முடியாது. கோவையில் பம்ப், மோட்டார் தொழிலுக்காக இரு தளங்களில் அளந்து சரிசெய்யும் பேலன்சிங் இயந்திரங்கள் பல இடங்களில் இருக்கின்றன. நீளமான ஷாஃப்டை ஏற்றக்கூடிய இயந்திரத்தைத் தேடிப் பிடித்து, எந்த வேகத்தில் சோதித்தார்கள், எத்தனை கிராம் மிஞ்சியது என்ற அச்சுப் பதிவையும் வாங்கிக்கொள்ளுங்கள். பேலன்சிங்குக்கு ஏற்றும் முன் நடுப்பகுதியில் டயல் கேஜ் வைத்துப் பார்க்கும்போது ஆட்டம் கால் மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஜாயின்டைப் பிடிக்கும் இரு முனைக் கவைகளும் (யோக்குகள்) ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். இவை சரியில்லாத ஷாஃப்டை எவ்வளவு எடை ஒட்டினாலும் திருத்த முடியாது.

அலுமினியத்தில் மட்டும் உள்ளூரில் முயல வேண்டாம். 6061-டி6 என்ற அலுமினியக் கலவைக் குழாயை வெல்டிங் செய்யும்போது, சூடேறிய பகுதியில் அதன் வலிமை வெகுவாகக் குறைகிறது. அதற்கேற்ற வடிவமைப்போ, வெப்பப் பதப்படுத்தலோ இல்லாமல் செய்த ஷாஃப்ட் இழுவையில் முறியலாம். செய்வதானால் நல்ல ஸ்டீல் குழாயில் செய்யுங்கள். அத்துடன் முன் ஜாயின்டின் அருகே, 15 சென்டிமீட்டருக்குள், 6 மில்லிமீட்டர் தடிப்பும் 50 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஸ்டீல் பட்டையில் ஒரு பாதுகாப்பு வளையம் கட்டாயம் பொருத்துங்கள். அமெரிக்காவின் நேர்கோட்டுப் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ வேகமான கார்களுக்கு இதை விதியாகவே வைத்திருக்கிறது. முன் ஜாயின்ட் முறிந்தால், கீழே விழும் முனை சாலையில் ஊன்றிக் காரையே தூக்கிவிடும். தரைத்தகட்டைக் கிழித்து உள்ளே வந்துவிடவும் கூடும். ஆள் உட்காரும் இடத்துக்குக் கீழே சுழலும் பொருள் இது.

கேள்வி: பழைய பிஎம்டபிள்யூ காரில் ஒரே துண்டு ஷாஃப்ட் போட்ட பிறகு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு முழக்கம் கேட்கிறது. டயரா, ஷாஃப்டா என்று எப்படிக் கண்டறிவது?
— வாசகர், ஈரோடு

பதில்: டயரின் குறை 90இல் நொடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் வரும் மெதுவான உதறல், பெரும்பாலும் ஸ்டீயரிங்கிலோ இருக்கையிலோ தெரியும். ஷாஃப்ட் அதைவிட மூன்று, நான்கு மடங்கு வேகமாகச் சுழல்வதால் அதன் குறை தரையிலிருந்து எழும் முழக்கமாகக் கேட்கும். ஆளில்லாத நேரான சாலையில் அதே வேகத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு நியூட்ரலுக்கு மாற்றுங்கள். முழக்கம் அப்படியே நீடித்தால் பேலன்சிங்கைச் சந்தேகிக்கலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வந்து, விட்டதும் மறைந்தால், ஜாயின்டின் கோணமே காரணமாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

உங்கள் காரில் இரண்டாவதற்கே இடம் அதிகம். இரண்டு துண்டு ஷாஃப்டில் சென்டர் பேரிங் தாங்கி நின்ற கோணங்கள், அதை எடுத்தவுடன் மாறிவிட்டன. கிராஸ் ஜாயின்ட் சாய்ந்து சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறைகிறது. இரு முனைகளிலும் கோணம் சமமாக இருந்தால்தான் ஒன்றை மற்றொன்று ஈடுகட்டும். கியர் பாக்ஸ் முனையிலும் டிஃபரன்ஷியல் முனையிலும் கோணம் அளக்கும் கருவியை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஜாயின்டிலும் கோணம் அரை டிகிரிக்குக் குறையாமலும் 3 டிகிரிக்கு மிகாமலும், இரண்டும் தம்முள் சமமாகவும் இருக்க வேண்டும். கியர் பாக்ஸ் மவுண்டின் கீழே மெல்லிய தகடு வைத்தே பல நேரங்களில் இதைச் சரிசெய்துவிடலாம்.

கேள்வி: கார்பன் ஃபைபர் ஷாஃப்ட் இதையெல்லாம் தீர்த்துவிடுமா?
— வாசகர், திருப்பூர்

பதில்: மாறுநிலை வேகத்தைப் பொறுத்தவரை ஆம், எடைக்கேற்ற விறைப்பு அதில் மிக அதிகம். நிசான் 350இசட் காரிலும் 2014இல் வந்த பிஎம்டபிள்யூ எம்3, எம்4 கார்களிலும் தயாரிப்பாளர்களே ஒரே துண்டு கார்பன் ஷாஃப்ட் வைத்தார்கள். ஆனால் எக்ஸாஸ்டில் துகள் வடிகட்டிக்கு இடம் தேவைப்பட்டபோது, எம்3, எம்4 கார்களில் அந்தப் பருத்த குழாயைக் கைவிட்டு ஸ்டீலுக்கே திரும்பினார்கள். கோணமும் இடமும் கார்பனிலும் அதே கவனத்தைக் கேட்பவை. எக்ஸாஸ்டின் சூடும், அடியில் தெறிக்கும் கல்லும் அதன் மேற்பரப்பைச் சிதைக்கும் என்பதால், ஒவ்வொரு சர்வீஸிலும் விரிசல் இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும்.