ஆச்சி பதில்கள்: கல்வெட்டுல பேரு, கணக்குல பாக்கி

கேள்வி: ஆச்சி, ஒரு பழைய செட்டிநாட்டு வீட்ட ஹோட்டலா மாத்திருக்காங்க, அங்க மலக்குழி சுத்தம் பண்ண எறங்குன எங்க அண்ணன் மூச்சுமுட்டி எறந்து ஒன்றரை மாசம் ஆச்சு. கூட்டிட்டுப் போனது காண்ட்ராக்ட்காரர். முதலாளி 50,000 ரூபா குடுத்து எங்க அண்ணிகிட்ட வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாரு. அதே முதலாளி போன வாரம் கோயில் திருப்பணிக்கு 5 லட்சம் குடுத்தாரு, கல்வெட்டுல பேரு வெட்டுறாங்க. சாமிக்குச் செய்யிற மனுசன் மேல கேஸ் போட்டா பாவம்னு ஊர்ல பெரியவங்க சொல்றாங்க. அண்ணி பயப்படுது. என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, காரைக்குடி பக்கம்

பதில்: தாயி, ஒங்க லெட்டரப் படிச்சிட்டு ராத்திரி தூக்கம் வரல. பாவம் கீவம்லாம் அப்பறம் பேசுவோம், மொதல்ல நாள எண்ணுங்க. 2013ல வந்த மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டத்துல, பாதுகாப்பு இல்லாம மலக்குழியில ஆள எறக்கக்கூடாது, நேராவும் கூடாது மறைமுகமாவும் கூடாதுன்னு இருக்கு, அதனால காண்ட்ராக்ட்காரர்தான் கூட்டிட்டு வந்தாரு எனக்குத் தெரியாதுன்னு முதலாளி கைய ஒதறிற முடியாது. ஆனா அந்தச் சட்டத்துல புகார் குடுக்க 3 மாசந்தான் டைம். ஒங்களுக்கு பாதி போயிருச்சு.

நாளைக்கே ஸ்டேசனுக்குப் போங்க, புகார எழுத்துல குடுங்க, எப்ஐஆர் காப்பி கையில வாங்காம வராதீங்க. நீங்க பட்டியல் சாதின்னா வன்கொடுமைச் சட்டத்தையும் சேக்கச் சொல்லிக் கேளுங்க, இந்த வேலைக்கு ஆள எறக்குறதே அதுல குற்றம். வக்கீலுக்குக் காசில்லன்னு நிக்காதீங்க, சிவகங்கையில மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, பொம்பளைங்களுக்கும் பட்டியல் சாதி மக்களுக்கும் வருமானம் பாக்காம எலவசமா வக்கீல் தருவாங்க. மலக்குழியில எறந்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம்னு 2014ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, 2023 அக்டோபர்ல அத 30 லட்சமா ஒசத்திருச்சு, கலெக்டர்ட்ட அதுக்கு மனு குடுங்க. 50,000 வாங்கிட்டோமேன்னு கூசாதீங்க. வெத்துப் பேப்பர்ல வாங்குன கையெழுத்து கிரிமினல் கேஸ அழிக்காது, அது எப்பிடி வாங்குனாங்க, யார் யார் பக்கத்துல இருந்தாங்கன்னு புகார்லயே எழுதிருங்க. இன்னொரு எடத்துல கையெழுத்து மட்டும் போட்றாதீங்க. 1984 டிசம்பர்ல போபால்ல விஷவாயு கசிஞ்சு ஆயிரக்கணக்கான சனம் செத்துச்சு, 1989ல அரசாங்கம் 47 கோடி டாலருக்கு ஒப்புக்கிட்டு முடிச்சிருச்சு, அது பத்தாதுன்னு எத்தன வருசம் அலைஞ்சும் 2023ல சுப்ரீம் கோர்ட் இனி கூட்ட முடியாதுன்னு சொல்லிருச்சு. அவசர சமரசம் எழவு வீட்டுக்கு இன்னொரு எழவு தாயி.

இப்ப அந்தப் பெரியவங்க சொன்ன பாவத்துக்கு வாறேன். எங்க ஐயா பர்மாவுல லேவாதேவி பண்ணுனவரு. அவரு பேரேடு இன்னும் எங்கிட்ட இருக்கு, தோல் அட்ட, ஓரம் பூச்சி அரிச்சிருக்கு, மேல பிள்ளையார் சுழி, அதுல மகமைக்குன்னு தனிப் பக்கம். கோயிலுக்கு எடுத்து வைக்கிறது அந்தப் பக்கத்துல, குடுக்க வேண்டிய கடன் வேற பக்கத்துல. ஒண்ணுல எழுதி இன்னொண்ணக் கழிச்சதா ஒரு வரி கூட நான் பாக்கல. அதுக்காக எங்க ஆளுக செஞ்சதெல்லாம் சரின்னு சொல்லல. 1930ல கீழ் பர்மா நெல் வெளையிற நிலத்துல 6 சதவீதந்தான் செட்டியாருங்க கையில இருந்துச்சு, நெல்லு வெல விழுந்து கடன் கட்ட முடியாமப் போயி 1937ல அது 25 சதவீதம். அந்த பர்மாக்காரவுக நிலத்த எழந்தது எந்தக் கோயில் கல்வெட்டுலயும் இல்ல. நாங்க வளந்த தேக்குத் தூண் வீட்டுல அந்தப் பணமும் இருக்குன்னு தெரிஞ்சுதான் சொல்றேன், ஒங்க அண்ணன் உசிருக்குப் பட்ட கடன திருப்பணியில தீக்க முடியாது. ஊர்ல கேட்டா இந்த ஆச்சி சொன்னான்னே சொல்லுங்க.

கேள்வி: தேரிழுக்குறது ஊர் வழக்கம், சாமி விசயம். அதுல கோர்ட்டும் போலீசும் எதுக்கு ஆச்சி?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: கண்டதேவிய மனசுல வச்சுத்தான கேக்குறீங்க தம்பி. அந்த ஊர் சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் ஆனித் தேர் வடத்த நாங்களும் பிடிக்கணும்னு பட்டியல் சாதி சனங்க கேட்டு 1998ல பிரச்சன வெடிச்சுச்சு, கோர்ட்டு கோர்ட்டா போயி, பல வருசம் தேரே ஓடாம நின்னு, 2024 ஜூன்லதான் போலீஸ் பாதுகாப்போட ஓடுச்சு. கோர்ட்டு வந்ததால தேர் நிக்கல, ஒரு பக்கத்து ஆளுக கை வடத்துல படக்கூடாதுன்னு நெனச்சதாலதான் நின்னுச்சு.

வழக்கம்னு சொல்றீங்களே, 1930 டிசம்பர்ல ராமநாதபுரம் ஜில்லாவுல, அப்ப நம்ம சீமையும் அதுலதான் இருந்துச்சு, ஆதிக்க சாதிக்காரவுக ஆதிதிராவிடர்களுக்கு 8 தட போட்டாங்க. நக போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழ துணி எறங்கக்கூடாது, சட்ட கூடாது, பொம்பளைங்க மாரத் துணியால மறைக்கக்கூடாது, கொட பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது. அதயும் அன்னைக்கி வழக்கம்னுதான் சொன்னாங்க. அரசியல் சட்டத்துல 17வது பிரிவு தீண்டாமைய ஒழிச்சிருச்சு, 25வது பிரிவு இந்துக் கோயில்கள எல்லாருக்கும் தெறந்து விடச் சட்டம் போடலாம்னு சொல்லுது. மதுர மீனாட்சி கோயிலுக்குள்ள 1939 சூலையில காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர் பட்டியல் சாதி சனங்களக் கூட்டிட்டுப் போனப்ப சாமி ஓடியா போச்சு? வர்ற ஆனிக்கி நீங்களே பக்கத்துத் தெருவுக்குப் போயி வாங்கன்னு கூப்புடுங்க தம்பி, போலீசுக்கு அங்க வேல இருக்காது.

கேள்வி: ஒரு ஆலைக்காரங்க எங்க ஊருணியத் தூர்வாரி பெரிய போர்டு வச்சிருக்காங்க, ஆனா அவங்க கழிவுத் தண்ணி கண்மாய்க்குத்தான் வருது. கேட்டா சிஎஸ்ஆர்ல, அதாவது கம்பெனிக சமூகப் பொறுப்புக்குன்னு ஒதுக்குற பணத்துல, நெறைய செய்யிறோம், கண்மாயவும் அதுலயே சரி பண்ணிருவோம்ங்குறாங்க.
- ஒரு விவசாயி, திருப்பத்தூர் பக்கம்

பதில்: அது அவங்க ஈகை இல்ல. 2013 கம்பெனிச் சட்டம் 135வது பிரிவுப்படி, வருசம் 5 கோடி லாபம் வந்தாலே, அதுக்கு முந்துன 3 வருச லாபத்து சராசரியில 2 சதவீதம் செலவழிக்கணும். வேற எந்தச் சட்டத்துப்படியும் செஞ்சே ஆக வேண்டிய வேலைய அந்தக் கணக்குல எழுதக்கூடாதுன்னு விதியே இருக்கு. கழிவச் சுத்திகரிச்சு விடுறது 1974 தண்ணிச் சட்டத்துப்படி அவங்க கடம, அத சிஎஸ்ஆர்னு காட்ட முடியாது. ஊருணி போர்ட போட்டோ எடுத்து அனுப்பிருக்கீங்க, நல்லது, அதே மாதிரி கழிவு வந்து விழுகுற எடத்தயும் கண்மாய் மடையயும் தேதியோட எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுதி தண்ணிய சாம்பிள் எடுக்கச் சொல்லுங்க. ரிஜிஸ்தர் தபால்ல அனுப்புங்க, ரசீது பத்திரம்.