சம்பந்தி டிராகன்

கேள்வி: ஐயா, 'ஃபோர்த் விங்'னு ஆங்கில நாவல் தொடர்ல மூணாம் பாகம் 'ஆனிக்ஸ் ஸ்டார்ம்' படிச்சிட்டிருக்கேன். முதல் பாகத்தை ரெண்டே ராத்திரில முடிச்சவ நான், இது பாதிக்கு மேல நகரவே மாட்டேங்குது, தீவு தீவா சுத்திக்கிட்டே இருக்காங்க. நிறுத்திடலாமா, பல்லைக் கடிச்சிட்டு முடிக்கலாமா? காதலும் மாயமும் கலந்த இந்த மாதிரி தொடர் தமிழ்ல ஏன் வர்றதில்ல? (வாசகி, செங்காங், சிங்கப்பூர்)

பதில்: 'பாகம்'னு ஒரு சொல்லைப் போட்டுட்டீங்க, இனிமே நீங்க கேட்டதுக்கு நான் வந்து சேர கொஞ்ச நேரம் ஆகும்மா. ஒரு தே ஓ, அதான் பால் இல்லாத டீ, வாங்கிட்டு வந்து உக்காருங்க.

எங்க பாட்டி அதிரசத்துக்கு வெல்லம் காய்ச்சுற அன்னைக்கு அடுப்படில யாரும் வாயத் தொறக்கக் கூடாது. பக்கத்துல ஒரு கிண்ணம் தண்ணி இருக்கும். கரண்டில இருந்து ஒரு சொட்டு அதுல விட்டு, ரெண்டு விரலால உருட்டிப் பாப்பாங்க. கரைஞ்சு போச்சுன்னா இன்னும் ஆகல, மெத்துனு உருண்டு வந்தா பதம், கிண்ணத்துல 'டங்'குனு சத்தம் கேட்டா போச்சு, அது கமர்கட்டுக்குத்தான் ஆகும். நீங்க சொல்ற முதல் பாகம் உருண்டு வந்த பாகு. ரெண்டாவது கொஞ்சம் முத்தல். மூணாவதுல யாரோ ரெண்டு செம்பு தண்ணிய ஊத்திட்டாங்க.

பாகத்தோட சொந்தக்காரன் பாகன். அந்தத் தொடர்ல டிராகன் மேல ஏறிப் போறவங்கள 'ரைடர்'ங்கறாங்க, நம்ம ஊர்ல யானை மேல உக்காந்தா பாகன்தானே? அதே பாகன் சிவனுக்கும் பேரு, உமையொரு பாகன், உடம்புல பாதிய பொண்டாட்டிக்குக் கொடுத்தவரு. ஒரே சொல்லுக்குள்ள மிருகத்துமேல ஏறுறதும் இருக்கு, காதலும் இருக்கு. காதலும் மாயமும் கலந்த 'ரொமான்டசி'க்குத் தமிழ்ல என்னன்னு கேட்டு வாரத்துக்கு ரெண்டு கடிதம் வருது, 'பாகன் கதை'ன்னு வச்சுக்கோங்க, காசு வேணாம்.

'டிராகன்'னு எழுதிட்டேன், இந்நேரம் ஒருத்தர் இந்தப் பக்கத்தை மடக்கி வச்சிருப்பாரு. எங்க பத்திரிகை ஆபீஸ்ல பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ டிராகனுக்குத் தமிழ்ல என்னன்னு இந்தச் சண்டை வரும், 2000, 2012, 2024, சீனப் புத்தாண்டுக்கு டிராகன் வருஷம் பொறக்குறப்பல்லாம். ஒருத்தர் கடல்நாகம்பாரு, ஒருத்தர் பறவைநாகம்பாரு, நான் டிராகன். என் கட்சி ரொம்ப சிம்பிள். சீனப் புத்தாண்டுக்கு சைனாடவுன்ல தொங்கவிடுறாங்களே, அதுக்கு றெக்கை கிடையாது, மழைக்கும் தண்ணிக்கும் அதிபதி, வீட்டுக்கு வந்தா நல்லது, அதை தாராளமா கடல்நாகம்னு சொல்லுங்க. ஐரோப்பாக்காரன் கதைல வர்றது றெக்கை அடிச்சு நெருப்பைக் கக்குற சாதி, தண்ணிக்கும் அதுக்கும் ஆகாது, அதைப் போயி கடல்நாகம்னா எப்படி? 2012ல நான் டிராகன்னு போட்டுக் கொடுத்த தலைப்பை ராத்திரியோட ராத்திரியா கடல்நாகம்னு மாத்தி அச்சுக்கு அனுப்பின எங்க பழைய பிழைதிருத்துநர் ரிட்டையர் ஆகி வருஷமாச்சு, இன்னைக்கும் தேக்கா சந்தைல என்னைப் பாத்தா முருங்கைக்காய் பக்கம் திரும்பிக்குவாரு.

சரி, கதைக்கு வர்றேன். ஊரே அதை காதல் கதைங்குது, நான் ஒத்துக்க மாட்டேன். அது பெரியவங்க பாத்து முடிச்சு வச்ச கல்யாணம்மா. யோசிச்சுப் பாருங்க. பொண்ணு வயலெட், அவ டிராகன் டைர்ன். பையன் ஸேடன், அவன் டிராகன் ஸ்கெய்ல். அந்த ரெண்டு டிராகனும் ஏற்கெனவே ஜோடி, சில நாளுக்கு மேல பிரிஞ்சு இருக்க முடியாது, அதனால மேல உக்காந்திருக்கிற சின்னஞ்சிறுசு ரெண்டும் பிடிச்சாலும் பிடிக்காட்டியும் ஒரே இடத்துக்கு வந்து நிக்கணும். இதுக்குப் பேரு காதலா? எங்க ஒண்ணுவிட்ட அண்ணனுக்கு பினாங்குல பொண்ணு பாத்தது இப்படித்தான், ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் தோட்டத்துல வேலை பாத்த காலத்துல இருந்து சிநேகிதம், மாசம் ஒரு தடவ பாக்கலேன்னா தூக்கம் வராது, போக வர பஸ் காசு மிச்சமாகட்டும்னு பிள்ளைங்களக் கட்டி வச்சாங்க.

இன்னும் கேளுங்க. அந்தக் கதைல டிராகன் செத்தா பாகனும் செத்தான். அப்போ ஆயுள் பொருத்தத்தை டிராகனுக்குப் பாத்தாலே போதும், பையனுக்குப் பாக்க வேணாம். நம்ம பத்துப் பொருத்தத்துல யோனிப் பொருத்தம்னு ஒண்ணு இருக்கு, 27 நட்சத்திரத்துக்கும் ஆளுக்கொரு மிருகம், மொத்தம் 14 மிருகம், யானை குதிரை பாம்பு கீரி எலி பூனைன்னு. பாம்புக்கும் கீரிக்கும் ஆகாது, யானைக்கும் சிங்கத்துக்கும் ஆகாது. அதாவது ரெண்டு பேரு சேரணும்னா முதல்ல அவங்க மிருகங்களுக்குள்ள ஒத்துப்போகணும்னு நம்ம ஜோசியர் எப்பவோ சொல்லிட்டாரு, அமெரிக்காவுல ரெபெக்கா யாரோஸ்னு ஒரு அம்மா 2023ல புதுசா கண்டுபிடிச்ச மாதிரி விக்கிறாங்க. டிராகன் மட்டும்தான் நம்ம லிஸ்ட்ல இல்ல, மத்ததெல்லாம் சரியா இருக்கு. பொண்ணு அழைப்புக்கு சம்பந்தி ரெண்டும் றெக்கைய விரிச்சு வந்து இறங்கினா சிராங்கூன் ரோட்ல எங்க பார்க்கிங் கிடைக்கும்னுதான் எனக்குக் கவலை.

இப்போ உங்க கேள்வி. மூணாம் பாகம் ஏன் நகரல?

பொன்னியின் செல்வனை எடுத்துக்கோங்க. 1950 அக்டோபர்ல இருந்து 1954 வரைக்கும் வாரா வாரம் கல்கில வந்துச்சு, அஞ்சு பாகம், முதல் பாகம் 57 அத்தியாயம், கடைசி பாகம் 91. இழுவைன்னு பாத்தா இவங்களுக்கெல்லாம் தாத்தா அது. ஆனா வந்தியத்தேவனும் குந்தவையும் நேருக்கு நேர் நின்னு பேசுற இடங்களை எண்ணுங்க, விரலுக்குள்ள அடங்கிடும். மீதியெல்லாம் ஓலை. ஓலைய இடுப்புல செருகிக்கிட்டு குதிரைல போறான், யாரோ பறிக்கப் பாக்குறாங்க, மாட்டிக்கிறான், தப்பிக்கிறான், அந்த ஓலை போய்ச் சேருமான்னு தமிழ்நாடும் மலாயாவும் மூணரை வருஷம் தபால்காரனுக்குக் காத்துக்கிட்டு கெடந்துச்சு. உங்க கதைல வயலெட்டும் ஸேடனும் மனசுக்குள்ளயே பேசிக்கிறாங்க! ஒருத்தர் நினைச்சா இன்னொருத்தருக்குக் கேக்குது. ஓலை இல்ல, தூது இல்ல, தொலையுறதுக்கு ஒண்ணுமே இல்ல, வாட்ஸ்அப்ல நீல டிக் விழுந்த காதல். முதல் பாகத்துல அவன் எதிரியா நண்பனான்னு தெரியாத வரைக்கும் சரக்கு இருந்துச்சு. அது தீந்ததும் பிரிச்சு வைக்க வேற வழி இல்லாம ரெண்டாம் பாகத்துக் கடைசில பையனுக்கு ஒரு தீராத வியாதி மாதிரி ஒண்ண வர வச்சாங்க, மூணாம் பாகம் முழுக்க மருந்து தேடல், கூடவே வயலெட்கிட்ட இருக்கிற இன்னொரு சின்ன டிராகனோட சொந்தக்காரங்களத் தேடி தீவுப் பயணம். மெடிக்கல் லீவு எம்சி போட்டுட்டு டூர் போன கதை. அதான் உங்களுக்கு ஓடல.

வெட்டியிருக்கலாமேன்னு கேப்பீங்க. 2023 மே மாசம் முதல் புத்தகம், அதே வருஷம் நவம்பர்ல ரெண்டாவது, 2025 ஜனவரில மூணாவது. மூணாவது மட்டும் முதல் வாரத்துலயே 27 லட்சம் பிரதி. அஞ்சு பாகம்னு வேற சொல்லி வச்சிருக்காங்க. இவ்வளவு பேர் தட்டை ஏந்திட்டு நிக்கிறப்ப எந்த எடிட்டர் போய் 'அம்மா, நூறு பக்கம் ஜாஸ்தி'ன்னு சொல்லுவான்? நான் சொல்லுவேன். அதனாலதான் நான் இங்க இருக்கேன், அவரு அமெரிக்காவுல இருக்காரு.

நானும் படிச்சேன்மா, சும்மா சொல்லல. தேசிய நூலகத்து லிபி ஆப்ல வரிசைல நின்னு வாங்கினேன், மின்புத்தகம்தான், ஆனாலும் பிரதி கணக்கு உண்டு, ஒருத்தர் படிச்சு விட்டாத்தான் அடுத்தவருக்கு. 21 நாள். இருபத்தோராம் நாள் ராத்திரி டோபி காட்ல ஊதா ரயிலுக்கு நின்னுக்கிட்டே படிக்கிறேன், வீட்டுக்குப் போய் மீதியப் பாக்கலாம்னு மூடினேன், திறந்தா காணோம், அதுவா திரும்பிப் போயிடுச்சு. கோபம் வந்துச்சு, அப்புறம் பொறாமையா இருந்துச்சு. ஏன்னா எங்க அப்பா குமுதத்துல வந்த கடல் புறாவ வாரா வாரம் கிழிச்சு, கப்பல் லேட்டானா சிராங்கூன் ரோட்ல ரெண்டு வாரத்தையும் சேத்து வாங்கிக் கிழிச்சு, காக்கித் துணி போட்டு பைண்ட் பண்ணி வச்சிருந்தாரு, மூணு பாகம். நம்ம பக்கத்துக் கடாரத்துக் கதை, படம் போட்ட பக்கத்துல எல்லாம் அவர் விரல் பட்ட எண்ணெய்க் கறை. ரெண்டாம் பாகத்தை 1987ல ஒருத்தர் 'ஒரு வாரத்துல தர்றேன்'னு வாங்கிட்டுப் போனாரு. பேரைச் சொல்ல மாட்டேன், இந்தப் பக்கத்தை அவர் தவறாம படிக்கிறாருன்னு மட்டும் தெரியும். லிபி மாதிரி அதுவா நடந்து வரும்னு நானும் பாத்துக்கிட்டிருக்கேன்.

தமிழ்ல ஏன் வர்றதில்லன்னு கேட்டீங்க. யாளி இருக்கு, சிங்க உடம்பு யானைத் துதிக்கை, கோவில் தூணுக்குத் தூண் வாயைப் பிளந்துட்டு நிக்குது, அதுமேல ஒரு பொண்ணை ஏத்தி எழுதுங்கன்னு பத்து வருஷமா சிறுகதைப் போட்டி அறிவிப்புல கெஞ்சுறேன். வந்து விழுறது எல்லாம் பல்கலைக்கழகத்து பஸ் ஸ்டாப்ல மழைக்கு ஒதுங்கின காதல். நீங்களே எழுதி அனுப்புங்களேன். ஓலை வேணும், மனசுக்குள்ள பேசக்கூடாது, அது ரெண்டுதான் கண்டிஷன்.

நிறுத்தலாமான்னா, நிறுத்தாதீங்க. தீவையெல்லாம் தாண்டி நேரா கடைசிக்குப் போங்க. முடிவு தெரியக்கூடாதுன்னு நினைக்கிறவங்க இங்கயே அடுத்த கேள்விக்குத் தாவிடுங்க, அப்புறம் என்னைத் திட்டி எழுதாதீங்க.

கல்கி அவ்வளவு எழுதியும் குந்தவை கல்யாணத்தை நமக்குக் காட்டல. 'வல்லவரையர் வந்தியத்தேவர் மஹாதேவியார்'னு தஞ்சாவூர்க் கல்வெட்டுல இருக்கிறத வச்சு நாமளா தெரிஞ்சுக்க வேண்டியதுதான். அவங்க என்ன ஆனாங்க இவங்க என்ன ஆனாங்கன்னு வாசகர்கள் பிடிச்ச பிடில முடிவுரைன்னு தனியா ஒண்ணு எழுத வேண்டியதாப் போச்சு அவருக்கு. யாரோஸ் அம்மா ஒரு படி மேல. வயலெட் கண்ணு முழிக்கிறா, கடைசி பன்னெண்டு மணி நேரம் ஞாபகத்துல இல்ல, ஆனா கல்யாணம் ஆயிடுச்சு. கல்யாணப் பொண்ணுக்கே கல்யாணம் தெரியாது! ஆர்ஓஎம்ல பதிவுத் திருமணம் மட்டும் முடிச்சாங்களா, பெருமாள் கோவில் பிஜிபி மண்டபத்துல மேளதாளத்தோட பண்ணாங்களா, சம்பந்தி ரெண்டுக்கும் எத்தனை அண்டா சாம்பார் ஆச்சு, ஒரு தகவலும் இல்ல. நாலாம் பாகத்துல அந்தப் பந்தி கணக்கையாவது அவங்க எழுதினா நானே போய் வரிசைல நிக்கிறேன்.