சினிமாவில் நொறுங்குவது அசல் பழைய கார்தானா?

"படத்தில் அருமையான பழைய கார் நொறுங்கும்போது நெஞ்சு பதறுகிறது. அசல் காரையா உடைக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அபூர்வமான கார் என்றால் பெரும்பாலும் இல்லை. 1986-ல் வந்த 'ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்' படத்தில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு கீழே விழும் ஃபெராரி, ஃபைபர்கிளாஸ் உடல் கொண்ட நகல். 'ஸ்கைஃபால்' (2012) படத்தில் வெடித்துச் சிதறும் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5, முப்பரிமாண அச்சில் செய்த, மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரி.

அடி வாங்குவது அந்தக் காலத்தில் மலிவாகக் கிடைத்த கார்கள்தான். 1979-ல் தொடங்கிய 'தி டியூக்ஸ் ஆஃப் ஹஸார்ட்' தொலைக்காட்சித் தொடருக்காக நூற்றுக்கணக்கான டாட்ஜ் சார்ஜர் கார்களை நாசமாக்கினார்கள். கார் அந்தரத்தில் தாவும்போது முன்பக்க எஞ்சினின் கனத்தால் மூக்கு குப்புறக் கவிழும். அதைச் சமாளிக்க டிக்கியில் எடை ஏற்றுவார்கள். தரையில் இறங்கியதும் காரின் உடற்கூடு வளைந்துவிடும், அப்புறம் அந்த வண்டி எதற்கும் ஆகாது. இன்று சார்ஜர் தேடி அலைபவர்கள் இந்தத் தொடரைத் திட்டுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் சினிமாவே மதிப்பைக் கூட்டுவதும் உண்டு. 'புல்லிட்' (1968) படத்தில் ஓடிய மஸ்டாங் கார், புதுப்பிக்கப்படாமல் பழைய கீறல்களோடேயே 2020-ல் 34 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.